கரிசல் தரையும் பத்தாம் வகுப்பும்

கரிசல் காட்டில் ஹாக்கி ஆடுவதென்றால் முதலில் காற்றைச் சமாளிக்க வேண்டும். ஜூன் மாதம் பள்ளி திறக்கும்போதே மேற்கிலிருந்து அது வீசத் தொடங்கியிருக்கும். ஆவணி வரை ஓயாது. கயத்தாறுப் பக்கம் காற்றாலைகளை வரிசையாக நட்டு வைத்திருக்கிறார்களே, அவற்றைச் சுழற்றுகிற அதே காற்றுதான். மைதானத்தில் சுண்ணாம்புப் பொடியைத் தூவிக் கோடு போட்டால், இரண்டாம் பாடவேளை முடிவதற்குள் கோடு வேலிக்கு அப்பால் பறந்திருக்கும். அதனால் எங்கள் பள்ளியில் சுண்ணாம்பை நீரில் கரைத்து, பழைய தேநீர்க் கெட்டிலில் ஊற்றி, அதன் மூக்கு வழியாக ஒழுகவிட்டுக் கோடு போடுகிறார்கள். காய்ந்த பிறகு அது சில நாள் நிற்கும்.

நான் அங்கே கணக்கு ஆசிரியை. கோவில்பட்டியிலிருந்து பஸ் ஏறினால் அரை மணி நேரத்தில் வந்துவிடுகிற சிறிய ஊர்; அரசு மேல்நிலைப் பள்ளி. 2025 ஜூனில் தொடங்கிய கல்வியாண்டில் பத்தாம் வகுப்பின் ஒரு பிரிவுக்கு வகுப்பாசிரியையாக இருந்தேன். பள்ளிப் பெண்கள் ஹாக்கி அணியில் ஆடும் ஐந்து பேர் அந்தப் பிரிவில் இருந்தார்கள். கோல்கீப்பரும் கேப்டனும் அவர்களில் இருவர். பத்தாம் வகுப்பு என்பதற்காக அவர்களை மைதானத்திலிருந்து இறக்கிவிடக் கூடாது என்று எங்கள் உடற்கல்வி ஆசிரியரும் நானும் ஆண்டு முழுவதும் பிடிவாதமாக இருந்தோம். அந்த ஆண்டைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

வெளியூர்க்காரர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். கோவில்பட்டி என்றால் தீப்பெட்டியும், 2020இல் புவிசார் குறியீடு பெற்ற கடலை மிட்டாயும்தான் நினைவுக்கு வரும். எங்கள் பக்கத்து மக்களுக்கு ஹாக்கியும் அதே வரிசையில் வரும். லட்சுமி அம்மாள் நினைவு அகில இந்திய ஹாக்கிப் போட்டியைப் பார்க்க வேலையை விட்டுவிட்டு வருகிறவர்கள் உண்டு. 2022 மே மாதத்தில் தேசிய ஜூனியர் ஆடவர் போட்டி கோவில்பட்டியின் செயற்கைப் புல்தரையில்தான் நடந்தது. அதே மாதம் ஜகார்த்தாவில் தொடங்கிய ஆசியக் கோப்பையில் வெண்கலம் வென்ற இந்திய அணியில் கோவில்பட்டியின் மாரீஸ்வரன் சக்திவேல் இருந்தார். தேநீர்க் கடைகளில் இன்றும் இதையெல்லாம் பேசுகிறார்கள். ஆனால் பேச்சு முழுவதும் ஆண்பிள்ளைகளைப் பற்றியே இருக்கும். எங்கள் பள்ளியில் பெண்கள் அணி இருக்கிறது என்பதே எங்கள் ஊர்க்காரர் பலருக்குத் தெரியாது.

ஜூன் மாதம் நடந்த பெற்றோர் கூட்டத்தில் கேப்டனின் அம்மா எழுந்தார். தீப்பெட்டி ஆலையில் வேலை செய்கிறவர். அரை நாள் கூலியை விட்டுவிட்டு வந்திருந்தார். “டீச்சர், பத்தாம் வகுப்பு ஆகிவிட்டது. இந்த ஒரு வருஷம் மட்டையைத் தொடாதே என்று நீங்களே சொல்லிவிடுங்கள். நான் சொன்னால் கேட்க மாட்டாள்” என்றார். பக்கத்தில் இருந்த சில பெற்றோர்களும் தலையசைத்தார்கள்.

எங்கள் உடற்கல்வி ஆசிரியர், அதாவது பி.இ.டி. சார், ஓய்வு பெற இன்னும் சில ஆண்டுகளே உள்ளவர். பள்ளி முழுவதற்கும் அவர் ஒருவர்தான். பெற்றோரிடம் பேசுவதற்கு அவரிடம் ஒரு பட்டியல் எப்போதும் தயாராக இருக்கும்: தமிழ்நாட்டில் அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீதம், பொறியியல் கலந்தாய்வில் 500 இடங்கள், காவல்துறை, ரயில்வே. அன்றும் அதைச் சொன்னார். எல்லாம் உண்மைதான். ஆனால் அந்த அம்மாவின் முகம் மாறவில்லை. மாறாததில் நியாயம் இருந்தது. அந்த இடங்களுக்குப் போய்ச் சேருகிறவர்கள் மிகச் சிலர். எங்கள் அணியில் பதினாறு பெண்கள் ஆடுகிறார்கள் என்றால், அவர்களில் ஒருத்திக்காவது ஒதுக்கீட்டில் இடம் கிடைக்கும் என்று யாராலும் உறுதி கொடுக்க முடியாது.

நான் அவரிடம் வேறு மாதிரி சொன்னேன். “உங்கள் மகளுக்கு இப்போது பதினைந்து வயது. ஓடுவதற்கு இதைவிட நல்ல உடம்பு அவளுக்கு இனிமேல் வரப்போவதில்லை. காலையில் ஆடட்டும், சாயங்காலம் சிறப்பு வகுப்புக்கு வரட்டும். கணக்கில் பின்தங்கினால் நானே உங்கள் வீட்டுக்கு வந்து சொல்கிறேன்.” விளையாட்டால் என்ன கிடைக்கும் என்ற கேள்விக்கு எப்போதும் வேலையையும் இடஒதுக்கீட்டையும் மட்டுமே பதிலாகச் சொல்லிக்கொண்டிருந்தால், அவை கிடைக்காத பிள்ளைகள் விளையாடியதெல்லாம் வீண் என்றாகிவிடும். அதை நான் ஏற்கவில்லை. கிராமத்துப் பெண்பிள்ளைக்கு வெட்டவெளியில் சத்தம் போட்டுக்கொண்டு ஓட இடம் கிடைப்பது, அதுவும் யாரும் ஏன் என்று கேட்காமல் கிடைப்பது, பள்ளி நாட்களில் மட்டும்தான். பத்தாம் வகுப்பில் அதை நிறுத்தினால் பெரும்பாலானவர்களுக்கு அது நிரந்தரமாகவே நின்றுவிடும். பதினொன்றாம் வகுப்பில் திரும்பி வருகிறவர்களைக் கண்ணால் காண்பது அரிது.

அம்மா யோசித்துவிட்டு, “காலாண்டு வரைக்கும் பார்ப்போம்” என்றார்.

ஆசிரியர் அறையிலும் எதிர்ப்பு இருந்தது. அதை நான் குறைத்து மதிப்பிடவில்லை. நூறு சதவீதத் தேர்ச்சி என்ற எதிர்பார்ப்பு ஒவ்வொரு பாட ஆசிரியரின் தலைமீதும் இருக்கிறது. பள்ளியின் தேர்ச்சி விழுக்காடு சரிந்தால் விளக்கம் கேட்கப்படுவது பாட ஆசிரியரிடம்தான். மைதானத்தில் யாரும் ஓடவில்லை என்பதற்காக இதுவரை எந்த ஆசிரியரிடமும் யாரும் விளக்கம் கேட்டதில்லை. பிறகு, வாரத்துக்கு இரண்டே இரண்டு உடற்கல்விப் பாடவேளைகள் மீது எல்லோரும் கண் வைப்பதில் என்ன வியப்பு? பாடம் முடியவில்லை, தேர்வு வருகிறது, அந்த ஒரு மணியைக் கொடுங்கள் என்கிறார்கள். எங்கள் தலைமையாசிரியரிடம் நானும் பி.இ.டி. சாரும் சேர்ந்து போய், பத்தாம் வகுப்பின் அந்த இரண்டு பாடவேளைகளைக் கால அட்டவணையில் உள்ளபடியே விட வேண்டும் என்று கேட்டோம். கணக்கு ஆசிரியையே வந்து கேட்கிறார் என்பதால் அவர் ஒப்புக்கொண்டார் என்று நினைக்கிறேன்.

காலை ஆறரை மணிக்குப் பயிற்சி தொடங்கும். எட்டு மணிக்கு முடிந்ததும் பி.இ.டி. சார் ஆளுக்கு இரண்டு கடலை மிட்டாய் கொடுப்பார், அவருடைய சொந்தக் காசில். மதியச் சத்துணவில் முட்டை உண்டு. அணியின் ஊட்டச்சத்துத் திட்டம் அவ்வளவுதான். மட்டைகளில் பாதி, கோவில்பட்டியில் ஆடி முடித்தவர்கள் கொடுத்தவை. பெரியவர்களின் அளவு என்பதால் எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் அவற்றைக் கீழே தள்ளிப் பிடித்து ஆடுவார்கள். கோல்கீப்பரின் கால்காப்புகளில் ஒன்றின் வார் அறுந்து, சாக்குத் தைக்கும் ஊசியால் தைத்திருந்தது.

ஜூலையில் ஒரு சனிக்கிழமை, சிறப்பு வகுப்பு முடிந்த கையோடு மைதானத்தில் ‘டி’ வரையப் போனோம். ஹாக்கியில் கோலுக்கு முன்னால் வளைவாக ஒரு கோடு இருக்கும். அதற்குள்ளிருந்து அடித்தால்தான் கோல். பார்வையாளர்களுக்கு அது அரைவட்டம் போலத் தெரியும். உண்மையில் அது அரைவட்டம் அல்ல. இரண்டு கோல் கம்பங்களையும் தனித்தனி மையங்களாகக் கொண்டு 14.63 மீட்டர் ஆரத்தில் இரண்டு கால்வட்டங்கள் வரைய வேண்டும். அவற்றின் உச்சிகளை ஒரு நேர்கோடு இணைக்கும். அந்த நேர்கோட்டின் நீளம் 3.66 மீட்டர், கோலின் அகலமும் அதுவே.

நான் எதையும் சொல்லாமல் அளவுகளை மட்டும் கொடுத்துவிட்டு ஒதுங்கி நின்றேன். நைலான் கயிறு இழுத்தால் நீளும் என்று கட்டுக்கம்பியை எடுத்து வந்தார்கள். கேப்டன் கோலின் நடுப்புள்ளியில் முளை அடித்தாள். கோல்கீப்பர் வந்து பார்த்தாள். அவள் என் வகுப்பில் கடைசி வரிசை. கணக்கில் மெல்லக் கற்போர் பட்டியலில் முதல் பெயர். “நடுவில் அடித்தால் பக்கத்தில் இடம் குறைந்துவிடும்” என்றாள். எப்படித் தெரியும் என்று கேட்டேன். “அந்தப் பக்கத்திலிருந்துதான் டீச்சர் ஆள் உள்ளே வருவாள். நான் எங்கே நின்று மறிப்பேன் என்று எனக்குத் தெரியாதா?” என்றாள்.

அவள் சொன்னது சரி. நடுவில் முளை அடித்து அரைவட்டம் போட்டால், கோல் கோட்டின் ஓரத்தில் ஒவ்வொரு பக்கமும் கோல் அகலத்தில் பாதி, அதாவது 1.83 மீட்டர் குறைந்துவிடும். முளையைப் பிடுங்கி இரு கம்பங்களின் அடியிலும் மாற்றி அடித்து வரைந்தார்கள். கெட்டிலை அவள்தான் பிடித்தாள். திங்கட்கிழமை வகுப்பில் அவளைக் கரும்பலகைக்கு அழைத்து அதே படத்தை வரையச் சொன்னேன். வளைகோட்டின் மொத்த நீளம் எவ்வளவு என்று வகுப்பைக் கேட்டேன். இரண்டு கால்வட்டங்கள் சேர்ந்தால் ஓர் அரைவட்டத்தின் வில், அதோடு 3.66. ஏறத்தாழ 49.6 மீட்டர் என்று விடை வந்தது. “அந்த அளவுக்குத்தான் சுண்ணாம்பு கரைத்தோம்” என்று பின்னால் இருந்து ஒருத்தி சொன்னாள்.

இந்த ஒரு நிகழ்ச்சியால் அவள் கணக்கில் தேறிவிட்டாள் என்று சொன்னால் அது பொய். அடுத்த வாரம் உறவுகளும் சார்புகளும் பாடத்தில் வைத்த சிறுதேர்வில் அவள் எடுத்தது மிகக் குறைவு. ஆனால் அதற்குப் பிறகு கவராயத்தைக் கையில் எடுக்க அவள் பயப்படவில்லை. அது எனக்குப் பெரிய விஷயம்.

ஆகஸ்டில் குறுவட்டப் போட்டி. குடியரசு நாள், பாரதியார் நாள் என்ற பெயர்களில் பள்ளிக் கல்வித்துறை நடத்தும் போட்டிகள் குறுவட்டத்தில் தொடங்கி, வருவாய் மாவட்டம் கடந்து, மாநிலம் வரை போகும். பதினான்கு, பதினேழு, பத்தொன்பது வயதுக்கு உட்பட்டோர் என்று பிரிவுகள். கபடி, கோ-கோ, எறிபந்து ஆகியவற்றுக்கெல்லாம் எங்கள் குறுவட்டத்தில் கூட்டம் அலைமோதும். பெண்கள் ஹாக்கிக்கு வந்த அணிகள் மிகக் குறைவு. எங்கள் பெண்கள் வென்றார்கள். நன்றாக ஆடித்தான் வென்றார்கள். இருந்தாலும் ஊருக்கு வந்து மேளம் அடிக்கிற அளவுக்கு அது பெரிய வெற்றி அல்ல என்று பி.இ.டி. சார் முன்கூட்டியே அவர்களுக்குச் சொல்லிவைத்தார். அவர் சொன்னது நல்லதாகப் போயிற்று.

மாவட்டப் போட்டியைச் செயற்கைப் புல்தரையில் ஆட வேண்டியிருந்தது. எங்கள் பெண்களில் பலர் அதற்கு முன் அந்தத் தரையில் கால் வைத்ததே இல்லை. கரிசல் தரையில் பந்து தத்தித் தத்தி வரும். எந்தப் பக்கம் துள்ளும் என்று யாராலும் சொல்ல முடியாது. அதனால் எங்கள் பிள்ளைகள் குனிந்து, மட்டையைத் தரையோடு படுக்கவைத்து, பந்துக்காகக் காத்திருந்து பழகியவர்கள். தண்ணீர் தெளித்த செயற்கைத் தரையில் பந்து வழுக்கிக்கொண்டு நேராக வரும், நினைப்பதைவிட முன்னால் வந்துவிடும். முதல் கால்பகுதியில் அவர்கள் மட்டையை இறக்குவதற்குள் பந்து கடந்து போய்க்கொண்டே இருந்தது. ஐந்து கோல் வாங்கித் தோற்றார்கள். கோல்கீப்பர் தடுத்தவற்றை எண்ணினால் அது பத்தைத் தாண்டியிருக்க வேண்டிய ஆட்டம்.

திரும்பும் பஸ்ஸில் பி.இ.டி. சார் அவர்களுக்கு மாண்ட்ரியல் கதையைச் சொன்னார். 1976 ஒலிம்பிக்கில் முதன்முதலாகச் செயற்கைத் தரையில் ஹாக்கி நடந்தது. அதுவரை எந்த ஒலிம்பிக்கிலும் பதக்கம் இல்லாமல் திரும்பாத இந்திய அணி ஏழாம் இடத்துக்குப் போயிற்று. நான்கே ஆண்டுகளில் மாஸ்கோவில், நம் தமிழ்நாட்டின் வி. பாஸ்கரன் தலைமையில், தங்கம் கிடைத்தது. அந்தக் கதையை அவர் ஆறுதலுக்காகச் சொல்லவில்லை. தரை மாறினால் ஆட்டம் மாறும். புதிய தரையில் பழக இடமில்லாதவர்கள் பின்தங்குவார்கள். எங்கள் ஒன்றியத்துப் பிள்ளைகள் மாதத்தில் இரண்டு நாளாவது கோவில்பட்டித் தரையில் ஆட முறையான வழி வேண்டும் என்று அவர் பல ஆண்டுகளாகக் கேட்டு வருகிறார். அந்தக் கோரிக்கையை நானும் இங்கே எழுதிவைக்கிறேன். மைதானம் இருப்பது மட்டும் போதாது; அதற்குப் போகப் பஸ் கட்டணமும், துணைக்கு ஓர் ஆளும், பயிற்சிக்கு ஒதுக்கப்பட்ட நேரமும் வேண்டும்.

காலாண்டுத் தேர்வு முடிவுகள் வந்தன. கேப்டனுக்குக் கணக்கில் 78. ஒன்பதாம் வகுப்பைவிட நன்றாகவே ஏறியிருந்தது. இடது ஓரத்தில் ஆடும் பெண்ணுக்கு அறிவியலில் இறங்கியிருந்தது. கோல்கீப்பருக்குக் கணக்கில் 26. விளையாடினால் மதிப்பெண் கூடும் என்று சிலர் மேடையில் பேசுவதைக் கேட்டிருக்கிறேன். என் ஐந்து பேரை வைத்துக்கொண்டு அப்படி எதுவும் சொல்ல மாட்டேன். ஒருத்திக்கு ஏறியது, ஒருத்திக்கு இறங்கியது. விளையாடாதவர்களுக்கும் அப்படித்தான் நடந்தது. கேப்டனின் அம்மா மதிப்பெண் அட்டையில் கையெழுத்துப் போட்டுவிட்டு, “அப்படியானால் அரையாண்டு வரைக்கும்” என்றார்.

புரட்டாசிப் பட்டத்தில் உளுந்தும் பாசிப்பயறும் மக்காச்சோளமும் விதைத்தார்கள். ஐப்பசியில் மழை வந்தது. கரிசல் மண் நனைந்தால் அதில் நடக்கவே முடியாது. செருப்போடு பாதி வயலும் கூடவே வரும். நவம்பர் முழுவதும் மைதானம் கிடையாது. அந்த மழைமாதங்களில்தான் நான் பாடத்தை வேகமாகக் கொண்டுபோனேன். அணியினர் வராந்தாவில் சுவரை நோக்கிப் பந்தைத் தள்ளி, திரும்பி வருவதை மட்டையால் நிறுத்திப் பழகினார்கள். சிமென்ட் தரை வழுவழுப்பானது. செயற்கைத் தரையில் பந்து வருகிற வேகத்துக்கு எங்களிடம் இருந்த மிகப் பக்கத்துப் பயிற்சி அதுதான். பக்கத்து வகுப்பில் தமிழ் நடத்திக்கொண்டிருந்த ஆசிரியை இருமுறை வெளியே வந்து பார்த்தார். மூன்றாம் முறை தன் வகுப்புக் கதவைச் சாத்திக்கொண்டார். அந்தப் பொறுமைக்கு அவருக்கு நன்றி சொல்ல வேண்டும்.

மதுரையில் ஜூனியர் ஆடவர் உலகக் கோப்பை நடக்கப்போகிறது என்று ஜூலையிலிருந்தே பேச்சு. நவம்பர் 28 முதல் டிசம்பர் 10 வரை சென்னையிலும் மதுரையிலும் ஆட்டங்கள்; அனுமதி இலவசம். எங்களுக்கு மதுரை நூறு கிலோமீட்டர். நவம்பர் 29, சனிக்கிழமை இரவு இந்தியாவுக்கும் ஓமனுக்கும் ஆட்டம். அரையாண்டுத் தேர்வு கழுத்துக்கு வந்துவிட்ட நேரம். பெற்றோரிடம் எழுத்தில் ஒப்புதல் வாங்கி, முன்னாள் மாணவர்கள் சிலர் சேர்ந்து ஏற்பாடு செய்த வேனில் அணியை அழைத்துக்கொண்டு போனோம். நான் ஏன் போனேன் என்றால், பெண்பிள்ளைகள் இரவில் திரும்ப வேண்டும், கூட ஓர் ஆசிரியை இருந்தால்தான் வீடுகளில் விடுவார்கள். அதோடு எனக்கும் பார்க்க ஆசை.

இந்தியா 17 கோல் போட்டது. ஓமன் ஒன்றும் போடவில்லை. அரங்கம் முழுவதும் ஒவ்வொரு கோலுக்கும் எழுந்து குதித்தது. எங்கள் பெண்களும் தொண்டை கட்டும்வரை கத்தினார்கள். கோல்கீப்பர் மட்டும் பாதி ஆட்டத்துக்குப் பிறகு உட்கார்ந்தே இருந்தாள். அவள் கண் இந்திய வீரர்கள் மேல் இல்லை. ஓமன் கோலில் நின்றவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். “எத்தனை விழுந்தாலும் அடுத்ததுக்கு அதே மாதிரிக் குனிந்து நிற்கிறார், பாருங்கள்” என்று என் கையைப் பிடித்துக் காட்டினாள். எனக்கு அதுவரை அது கண்ணில் படவே இல்லை. அதன்பின் நானும் அவரைத்தான் பார்த்தேன்.

வேனில் எல்லோரும் தூங்கிவிட்டார்கள். சாத்தூர் தாண்டியதும் அவள் எழுந்து, அரையாண்டில் வடிவியலுக்கு எது வரும் என்று கேட்டாள். நான் அதை எதிர்பார்க்கவில்லை. தொடுகோடு வரலாம், வடிவொத்த முக்கோணம் வரலாம், இரண்டையும் பழகு என்றேன். தலையாட்டிவிட்டு மறுபடியும் தூங்கிவிட்டாள். (கோப்பையை ஜெர்மனி வென்றது, இந்தியாவுக்கு வெண்கலம். அந்தப் பதக்க ஆட்டத்தை எங்கள் பிள்ளைகள் கைப்பேசியில் பார்த்தார்கள்.)

பத்தாம் வகுப்புக் கணக்குத் தாளைப் பற்றி வெளியாருக்குத் தெரியாத ஒன்று உண்டு. ஒரு மதிப்பெண் வினாக்கள் 14. வடிவியல் வரைதல் 8, வரைபடம் 8. இந்த மூன்றும் சேர்ந்தால் 30. தேர்ச்சிக்கு 35. எனவே தடுமாறுகிற பிள்ளைகளைக் கரை சேர்க்க மாநிலம் முழுவதும் ஆசிரியர்கள் கையாளும் வழி ஒன்றே: கவராயத்தையும் வரைபடத் தாளையும் அவர்கள் கையில் கொடுத்து, அந்தப் பதினாறு மதிப்பெண்ணை முதலில் உறுதி செய்வது. கணக்கின் அழகெல்லாம் இதில் எங்கே என்று எனக்கு வருத்தம் உண்டு. ஆனால் முப்பத்தைந்தில் தவறிய பெண்ணை அந்தக் கோடையிலேயே வேலைக்கு அனுப்பிவிடுகிற வீடுகளை நான் அறிவேன். அழகைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். முதலில் அவள் பதினொன்றாம் வகுப்புக்குப் போக வேண்டும்.

அரையாண்டில் கோல்கீப்பருக்கு 34. வடிவியலில் எட்டுக்கு எட்டு. தொடுகோட்டை அவ்வளவு சுத்தமாக வரைந்திருந்தாள். கோடு ஒன்றுகூட இரண்டு முறை இழுக்கப்படவில்லை. தேர்ச்சி ஒரே மதிப்பெண்ணில் போனது. கேப்டனின் அம்மா அந்த முறை எதுவும் கேட்காமல் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். ஆனால் கோல்கீப்பர் வீட்டிலிருந்து அப்பா வந்தார். “மட்டையைப் பிடுங்கி வைத்துவிட்டேன் டீச்சர்” என்றார். கோபம் இல்லை, களைப்பு. மார்கழி முழுவதும் உளுந்து பறிப்பு. அதற்கு இவளும் சில நாள் போயிருந்தாள். வருகைப் பதிவேட்டை எடுத்து அவரிடம் காட்டினேன். ஹாக்கிக்காக இவள் வகுப்பைத் தவறவிட்ட நாட்களைவிட வயலுக்காகத் தவறவிட்ட நாட்கள் அதிகம். அதைச் சொல்லும்போது எனக்குக் கூச்சமாக இருந்தது. கூலிக்கு ஆள் கிடைக்காத நேரத்தில் மகளை அழைத்துக்கொண்டு போவதைத் தவிர அவருக்கு வேறு வழி இல்லை. அவர் பதிவேட்டை வெகுநேரம் பார்த்தார். “தையில் மிளகாய்க்கு நாங்களே பார்த்துக்கொள்கிறோம்” என்றார். மறுநாள் மட்டை திரும்பி வந்தது.

பொங்கலுக்குப் பிறகு எங்கள் மைதானம் ஆண்டிலேயே மிக நன்றாக இருக்கும். மழை வடிந்து தரை இறுகியிருக்கும், இன்னும் வெடித்திருக்காது. காற்றும் அடங்கியிருக்கும். கொடுமை என்னவென்றால், அதே மாதங்களில்தான் திருப்புதல் தேர்வுகள் ஒன்றன்பின் ஒன்றாக வரும். போட்டிகள் எல்லாம் முடிந்துவிட்டன. பயிற்சிக்குக் காரணம் எதுவும் இல்லை. இருந்தாலும் காலை ஏழு மணிக்கு ஐந்து பேரும் வந்து முக்கால் மணி நேரம் ஆடிவிட்டுப் போனார்கள். பெனால்டி கார்னரில் ஒருத்தி பந்தைத் தள்ள, ஒருத்தி நிறுத்த, ஒருத்தி அடிக்க, அதையே திரும்பத் திரும்பச் செய்தார்கள். எந்தப் பரிசும் இல்லாத அந்த ஆட்டங்கள்தான் ஆண்டின் மிகச் சிறந்த ஆட்டங்கள் என்பது என் கருத்து. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் எதிரணியாக நின்றார்கள். அவர்களில் ஒருத்தி கோலில் நிற்கப் பழகிக்கொண்டாள்; கால்காப்பு அவளுக்கு முழங்காலைத் தாண்டி வந்தது.

ஆண்டு விழா, செய்முறைத் தேர்வு, நுழைவுச்சீட்டு என்று பிப்ரவரி ஓடிவிட்டது. மார்ச்சில் பொதுத்தேர்வு. கணக்குத் தேர்வன்று அறைக்கு வெளியே போய் நின்று கேள்வி கேட்பது என் பழக்கமில்லை. கோல்கீப்பரே தேடிக்கொண்டு வந்தாள். வடிவியலும் வரைபடமும் முழுதாகச் செய்துவிட்டதாகச் சொன்னாள். ஒரு மதிப்பெண் வினாக்களில் மூன்றைத் தவிர மற்றவை தெரிந்தவை. இரண்டு மதிப்பெண் வினாக்களில் எத்தனை எழுதினாள் என்பதை விரல்விட்டு எண்ணிக் காட்டினாள். அவள் சொன்ன கணக்கின்படி தேர்ச்சி பெற்றுவிடுவாள். முடிவு இன்னும் வரவில்லை.

மாநில விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் விளையாட்டு விடுதிகளில் ஏழு, எட்டு, ஒன்பது, பதினொன்றாம் வகுப்புகளுக்குத்தான் சேர்க்கை. பத்தாம் வகுப்புக்குக் கிடையாது. அதனால் பத்தாம் வகுப்பில் ஆட்டத்தை விட்டவர்களுக்குப் பதினொன்றில் இருக்கும் அந்தக் கதவு பெரும்பாலும் மூடியதாகவே இருக்கும். ஓராண்டு சும்மா இருந்த உடம்போடு தேர்வுக்குப் போய் நின்று என்ன செய்வது? கேப்டன் இந்த முறை தேர்வுக்குப் போகிறாள். அவள் அம்மாவே விண்ணப்பத்தை எடுத்துக்கொண்டு வந்து, எந்த இடத்தில் கையெழுத்துப் போட வேண்டும் என்று கேட்டார். தேர்வானால் வெளியூர் விடுதிக்கு அனுப்புவாரா என்று தெரியாது. அவருக்கே இன்னும் தெரியவில்லை.

வரும் ஜூனுக்கான கால அட்டவணையைத் தயாரிக்கும் பொறுப்பு இந்த முறை எனக்கு வந்திருக்கிறது. பத்தாம் வகுப்புக்குச் செவ்வாய்க்கிழமை மூன்றாம் பாடவேளையும் வெள்ளிக்கிழமை ஏழாம் பாடவேளையும் உடற்கல்வி என்று எழுதியிருக்கிறேன். கடைசிப் பாடவேளையில் வைத்தால் சிறப்பு வகுப்பு அதை விழுங்கிவிடும் என்பதால் இரண்டையும் அதற்கு முன்பே வைத்தேன். பென்சிலால் எழுதுவதுதான் எங்கள் வழக்கம், மாற்ற வசதியாக இருக்கும் என்பார்கள். இந்த இரண்டு கட்டங்களை மட்டும் பேனாவால் எழுதித் தலைமையாசிரியரின் மேசையில் வைத்திருக்கிறேன்.